எட்டு நர்ஸ்களும் ஒரு எருமைத் தோலும்

ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அதில் ஒரு நாள்கூட நான் தோலைத் தொட்டதில்லை. (என் மேல் போர்த்தியிருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

எனக்கு வேலை முதல் மாடியில், எக்ஸ்போர்ட் டாகுமெண்டேஷன். கீழே ஆயிரக்கணக்கான கைகள் வெட்டி, ஒட்டி, தைத்து ஷூ செய்யும். மேலே ஏசியில் உட்கார்ந்து நான் அதன் எடை என்ன, எத்தனை பெட்டி, எந்தக் கப்பல் என்று டைப் அடிப்பேன். ஆனால் சொந்தக்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. கல்யாண வீட்டில் யாராவது செருப்பைக் கழற்றி நீட்டி, "சேகரு, இது ஒரிஜினல் லெதரா பாரு" என்பார்கள். நான் அதை வாங்கி, வளைத்து, முகர்ந்து, கண்ணைச் சுருக்கி, "ம்ம்... பரவால்ல" என்பேன். அந்த ஒரு 'ம்ம்'மை வைத்துக்கொண்டே சொந்தபந்தத்தில் தோல் நிபுணராகிவிட்டேன். சோகம் என்னவென்றால், ஒரு கட்டத்தில் நானும் அதை நம்பிவிட்டேன்.

நாற்பத்தேழாவது வயதில் ஒரு நாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கோ குளிர் தேசத்தில் தாடி வைத்த ஒருவன், ஜன்னலோரம் உட்கார்ந்து, மெல்லிய சங்கீதத்துக்கு நடுவில் ஒரு தோல் பர்ஸைக் கையால் தைக்கிறான். வெளியே மழை. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் அவனுக்கும் இருக்கிற ஒரே வித்தியாசம் தாடிதான் என்று அன்றைக்குத் தோன்றியது. வேலையை விட்டுவிட்டு கைவினை ஸ்டூடியோ திறப்பது என்று முடிவு செய்தேன். வருகிறவர்கள் அவர்களே தோலைத் தொட்டு, அவர்களே ஒரு பொருள் செய்து எடுத்துப் போகலாம்.

என் மனைவி ஹெலன் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

"ஆம்பூர்ல தோல் வேலை கத்துக்குடுக்கப் போறீங்களா?"

"ஆமா."

"ஆம்பூர்ல?"

"ஆமான்றேன்ல."

"யாருக்குங்க? இங்க கல்லு விட்டா தைக்கத் தெரிஞ்ச பொம்பள மேலதானே வுழும்."

"இங்கத்தவங்களுக்கு இல்ல. மெட்ராஸ்காரங்களுக்கு, பெங்களூர்காரங்களுக்கு. பைபாஸ்ல போறவங்கெல்லாம் நம்ம ஊர்ல எதுக்கு வண்டிய நிறுத்தறாங்க?"

"பிரியாணிக்கு."

"அதான்! பிரியாணி சாப்ட்டவன் உடனே ஸ்டியரிங் புடிக்க முடியாது. ரெண்டு மணி நேரம் எங்கனா உக்காந்தே ஆவணும். அந்த ரெண்டு மணி நேரம் நம்மளுது."

"தூங்க மாட்டானா?"

"ம்ம்" என்றேன்.

ஹெலன் சண்டை போடுகிற ஆள் இல்லை. இருபது வருஷம் கத்தி, கத்தரியோடு பழகியவள். எங்கே வெட்டினால் போதும் என்று தெரியும். "ராஜினாமா லெட்டர் அடிச்சாச்சா?" என்று கேட்டாள். அடித்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் தயாரித்த டாகுமெண்டுகளிலேயே பிழை இல்லாதது அது ஒன்றுதான். வாங்கிப் படித்தாள். நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம. எங்க ஆஸ்பத்திரி ஆளுங்கள கூட்டிட்டு வர்றேன், நீங்க கிளாஸ் எடுங்க. எல்லாரும் ஆளுக்கு ஒரு பொருள் செஞ்சு, அதப் போட்டுக்கிட்டு, சிரிச்ச மூஞ்சியோட ரயில் ஏறணும். ஏறிட்டா லெட்டர உங்க கையில குடுக்கறேன், போய் நீட்டுங்க. இல்லன்னா திங்கக்கெழம கம்பெனிக்குக் கெளம்பறீங்க. அதுக்கப்புறம் ஸ்டூடியோன்ற வார்த்த நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது."

சரி என்றேன். சிரித்த முகத்தோடு ரயில் ஏற்றுவது ஒரு பெரிய காரியமா?

சர்வீஸ் ரோட்டோரம் நண்பர் ஒருவருடைய காலி அறையை இரவல் வாங்கிக்கொண்டேன். ஸ்டூடியோவுக்கு 'தொடு' என்று பெயர் வைத்தேன். (தொடாதவன் வைத்த பெயர்.) முதல் கிளாஸில் பெல்ட் என்று முடிவானது. பெல்ட் என்பது என்ன? ஒரு நீளமான பட்டை, ஒரு பக்கம் பக்கிள், மறுபக்கம் அஞ்சு ஓட்டை. இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது?

தோல் மண்டியில் சாயம் போடாத எருமைத் தோல் இரண்டு சைடு வாங்கினேன். முழுத்தோலை முதுகுத்தண்டோடு இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதிக்கு 'சைடு' என்று பெயர். அந்த அளவு எனக்குத் தெரியும், டாகுமெண்டில் வரும்.

"இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பெல்ட்டுக்கு."

"வெட்டறதுக்கு தெரிஞ்ச ஆளு இருக்காங்கல்ல?"

"ம்ம்."

சனிக்கிழமை மத்தியானம் ஒரு சைடைத் தரையில் விரித்துப் பார்த்தேன். முதுகுப் பக்கம் நேராக இருந்தது. வயிற்றுப் பக்கம் கடலோர மேப் மாதிரி வளைந்து நெளிந்து கிடந்தது. நீளவாட்டில் வெட்டினால் ஓரமெல்லாம் வீண். குறுக்கே, முதுகிலிருந்து வயிற்றை நோக்கி வெட்டினால் பட்டை பட்டையாக இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. கன்டெய்னருக்குள் பெட்டி அடுக்குவதற்கு இருபத்திரண்டு வருஷம் படம் போட்டவன் நான். ஒரு இன்ச் காலி விட்டால் எனக்குத் தூக்கம் வராது. குறுக்கேயே வெட்டினேன். துண்டு மிச்சமில்லை. அந்த எருமையைக் கன்டெய்னராக மட்டும் பார்த்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு குறைதான் பாக்கி. டீ போட ஆள் வேண்டும். பின் தெருவில் மூன்று வருஷமாகக் குடியிருக்கிற கஸ்தூரி என்று ஒரு பெண், முப்பத்தெட்டு வயது இருக்கும். சர்ச் கூட்டத்துக்கெல்லாம் அவள் போடுகிற டீக்காகவே ஜனம் சேரும். தினமும் காலையில் ஏதோ கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவாள். எந்தக் கம்பெனி என்று நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்தால் "வணக்கம் சார்" என்பாள். என் முகத்தில் தெரிகிற தேஜஸுக்குத்தான் அந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம கொஞ்சம் டீ போட்டுத் தர முடியுமா கஸ்தூரி? தோல் வேலை கிளாஸ் ஒண்ணு நடத்தறேன்."

"நீங்களா சார்?" என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வர்றேன் சார். பாக்கணும் போல இருக்குது."

ஞாயிறு காலை கிளம்பும்போது ஹெலன் கேட்டாள்: "சாயம் பூசணும்றீங்களே, ஒரு பாக்ஸ் கிளவுஸ் எடுத்துக்கட்டுமா?"

"ஹெலன், இது ஆஸ்பத்திரி இல்ல. ஸ்டூடியோ பேரே தொடு. கிளவுஸ் மாட்டிக்கிட்டு எப்படித் தொடறது?"

அவள் என்னைப் பார்த்தாள். மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் பேஷண்டுக்கு ரகசியமாக இட்லி ஊட்டிவிட்ட சொந்தக்காரரை அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவளுடைய ஆஸ்பத்திரி ஆட்கள் காட்பாடியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். ஹெலனோடு சேர்த்து எட்டு நர்ஸ்கள். கூடவே லேப் டெக்னீஷியன் பாபு, இடுப்பு நாற்பத்துநாலு. எல்லாருக்கும் மூத்தவர் பிரேமா சிஸ்டர், வார்டு இன்சார்ஜ். கையில் மருதாணி வைத்துக்கொண்டு டியூட்டிக்கு வருகிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதில் அவர் பேர் பெற்றவர். கல்யாணம் ஆன மறுவாரம் வந்த பெண்ணைக்கூட விட்டதில்லையாம்.

நான் சொற்பொழிவை ஆரம்பித்தேன். "தோல் என்பது வெறும் பொருள் இல்லை. கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள். உணருங்கள்..."

"நாங்க டெய்லி அதத்தான் தொடறோம் தம்பி," என்றார் பிரேமா சிஸ்டர். "நீங்க மேல போங்க."

மேலே போனேன். ஆளுக்கு ஒரு பட்டை கொடுத்தேன். பழுப்புச் சாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, துணியில் தொட்டுப் பூசச் சொன்னேன். வெறுங்கையால். எட்டு நர்ஸ்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கையில புடிக்குதே தம்பி?"

"அது கலைஞனோட கையெழுத்து சிஸ்டர். சோப்பு போட்டா போய்டும்." (போகுமா என்று எனக்குத் தெரியாது. பாட்டிலில் பொடி எழுத்தில் என்னவோ போட்டிருந்தது. படிக்கிற கண்ணாடி வீட்டில்.)

கஸ்தூரி டீ எடுத்து வந்தாள். கப்பை வைக்கும்போது பாபுவின் பட்டையை இரண்டு கையாலும் எடுத்து லேசாக ஒரு இழு இழுத்தாள். முகம் மாறியது. என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "சார், இது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"கஸ்தூரி, டீ ஆறிடப் போவுது. மொதல்ல எல்லாருக்கும் குடு" என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன வாக்கியங்களில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், இதைத்தான் வாங்கிக்கொள்வேன்.

பன்னிரண்டரைக்கு ஒன்பது பெல்ட்டும் தயார். சுடிதாருக்கு மேல், புடவைக்கு மேல், ஸ்டைலாக மாட்டிக்கொண்டார்கள். பிரேமா சிஸ்டர் இடுப்பில் அது ஒட்டியாணம் மாதிரியே இருந்தது. அவருக்கே கொஞ்சம் வெட்கம். எல்லாரும் சிரித்தார்கள். போட்டோ எடுத்தோம். நான் ஹெலனின் கைப்பையைப் பார்த்தேன். ஹெலன் என்னைப் பார்த்தாள். லெட்டர் பாதி என் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு பிரியாணி வந்தது.

சாப்பிட்டால் பெல்ட் இறுகும். உலகத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான். என் பெல்ட்டுகள் மட்டும் தளர்ந்தன. பாபு கை கழுவ எழுந்தார். மூன்றாவது ஓட்டையில் மாட்டியிருந்தது தொளதொளவென்று தொங்கியது. ஐந்தாவதுக்கு மாற்றினார். இரண்டு எட்டு வைத்தார். இடது கை பேன்ட்டைப் பிடித்துக்கொண்டது. "சார், ஆறாவது ஓட்ட போட முடியுமா?" என்றார். ஓட்டை போட்டேன். அடுத்த கால் மணியில் ஏழாவது. அதற்குள் பிரேமா சிஸ்டர் எழுந்து நின்றார். ஒட்டியாணம் மெதுவாக, மிக மரியாதையாக, புடவை வழியே இறங்கிப் போய் அவர் பாதத்தைச் சுற்றி உட்கார்ந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் குழாயடியில் அதைவிடப் பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தது. சோப்பு போட்டும் சாயம் போகவில்லை. பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டார்கள். பிரியாணிக்கு வந்த எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார்கள். போகவில்லை. விரல், நகம், உள்ளங்கை எல்லாம் மணிக்கட்டு வரை பழுப்பு. எட்டு நர்ஸ்கள், பதினாறு கைகள்.

பிரேமா சிஸ்டர் தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்த கஸ்தூரி எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சார், இப்ப சொல்லலாமா?"

சொல்லலாம் என்று தலையாட்டினேன்.

"நீங்க குறுக்க வெட்டிட்டீங்க. தோலு முதுகு ஓரமா நீளவாட்டுல இழுத்தா அசையாது. குறுக்க இழுத்தா வரும். அதுலயும் பாதி வயித்துல போய் முடிஞ்சிருக்குது. வயிறு இன்னா சார் பண்ணும்? சாப்ட்டா பெருசாவும்ல?"

பாபு ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

மூலையில் சுருட்டி வைத்திருந்த இன்னொரு சைடைக் கஸ்தூரி தரையில் விரித்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடினாள். காலையில் நான் மேடைப் பேச்சாகச் சொன்னதை அவள் நிஜமாகவே செய்தாள். விரல் நுனி தோல் மேல் நடக்க ஆரம்பித்தது. நடுவில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: இந்த இடத்திலிருந்து என்னால் 'அவள்' என்று எழுத முடியவில்லை. இனிமேல் 'அவர்'தான்.

"இது கழுத்து. மடிப்பு பாருங்க. வண்டி இழுத்த மாடு இது, நுகத்தடி அழுந்தி இந்த எடம் மட்டும் கெட்டியாக் கீது. இங்க உண்ணி கடிச்சிருக்குது, பொட்டு பொட்டா. இது முள்ளுக்கம்பி கீறினது..."

"எங்க?" என்று பிரேமா சிஸ்டரும் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். பழுப்பு விரலை அதே இடத்தில் வைத்தார். "ஆமா. நல்ல ஆழமான காயம். தையல் போடாம தானா ஆறியிருக்கு."

"கரெக்ட் சிஸ்டர். உசுரோட இருக்கச்சொல்லவே ஆறினது. அதான் இந்த எடத்துல ஊசி எறங்காது. ஒடிஞ்சிரும்."

"எங்களுக்கும்தாம்மா. பழைய தழும்பு மேல ஊசி போடறது பெரிய பாடு."

அடுத்த அரை மணி நேரம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? எட்டு நர்ஸ்களும் அந்தத் தோலைச் சுற்றி, வார்டில் ரவுண்ட்ஸ் போகிற மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு எருமை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் கேஸ் ஷீட் மாதிரி அவர்கள் முன்னால் விரிந்து கிடந்தது. எந்தக் காலை ஊன்றி அதிகம் படுத்தது, எங்கே மெலிந்தது என்று கஸ்தூரி சொல்லச் சொல்ல, இவர்கள் தொட்டுத் தொட்டு "ஆமா, ஆமா" என்றார்கள். அத்தனை பேரும் தோலைப் படிக்கத் தெரிந்தவர்கள். அந்த அறையில் எழுத்தறிவு இல்லாதவன் நான் ஒருவன்தான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பைப் பற்ற வைத்து எல்லாருக்கும் டீ போட்டேன்.

"இந்த அண்ணன் எப்டி ரயில் ஏறுவாரு, பாவம்" என்று கஸ்தூரி என் கத்தியை எடுத்தார். கட்டை விரலில் வைத்துப் பார்த்தார். அது மொண்ணையாக இருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை. ஒரு பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அதன் அடி விளிம்பில் நாலு தீட்டு தீட்டினார். முதுகு ஓரமாகக் கத்தியை வைத்து, ஸ்கேல் இல்லாமல், கோடு இல்லாமல், ஒரே இழுப்பு. பட்டை தனியாக வந்தது. பாபு அதை மாட்டினார். அது அவர் இடுப்பில் சட்டம் மாதிரி நின்றது.

நான் விடாமல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இந்த முனையில் மூன்றரை சென்டிமீட்டர். அந்த முனையில் மூன்றரை சென்டிமீட்டர். நடுவில் ஐந்து இடத்தில் பார்த்தேன். மூன்றரை.

"எங்க வேலை செய்யறீங்க?" என்று கேட்டேன். மூன்று வருஷமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இன்னா சார், வெளாடறீங்களா? நம்ம கம்பெனிதான். சாம்பிள் ரூம்பு. நீங்க மேல, நாங்க பின்னாடி கேட்டு."

சாம்பிள் ரூம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரன் ஒரு படத்தை அனுப்புவான். அதைப் பார்த்து முதல் ஜோடி ஷூவை அங்கேதான் செய்வார்கள். அது அவனுக்குப் பிடித்தால்தான் ஆர்டர். அப்புறம்தான் மற்ற ஆயிரம் பேருக்கு வேலை. 'சாம்பிள் அப்ரூவ்டு' என்ற வரியை நான் எத்தனை தடவை டைப் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. யார் கை அது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அந்தக் கையிடம்தான் டீ ஆறிடப் போகுது என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குள் இருந்த தாடிக்காரன் கடைசியாக ஒரு முறை தலை தூக்கினான். "நீங்க கிளாஸ் எடுங்க கஸ்தூரி. ஸ்டூடியோவே உங்களுது. டீ நான் ஊத்தறேன்" என்றேன்.

"அட போங்க சார். ஆறு நாளும் தோலோடதான் கெடக்கறேன். ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் டீ வாசன. அதுலயும் கைய வெக்கறீங்களே" என்றார். சொல்லிவிட்டு நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்தார். "இதுக்குப் போய்..." என்று நிறுத்திக்கொண்டார்.

சாயங்கால ரயிலில் ஹெலனைத் தவிர மற்ற எட்டு பேரும் ஏறினார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

"பாத்தியா, சிரிச்ச மூஞ்சியோடதானே ஏறினாங்க?" என்றேன் ஹெலனிடம்.

"உங்களப் பாத்து சிரிச்சாங்க."

திங்கள்கிழமை கம்பெனிக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் படி இறங்கிப் பின்கட்டுக்குப் போய், சாம்பிள் ரூம் வாசலில் நின்றேன். கஸ்தூரி கண்ணாடி போட்டுக்கொண்டு மெஷினில் குனிந்திருந்தார். உள்ளங்கை அளவுத் தோல். அதன் வளைவோரம் ஊசி போய்க்கொண்டிருந்தது. ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவில் ஒரு நூல் கனம்தான் இடம். வளைவு முடிந்து திரும்பும்போதும் அந்த இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை. கோயிலில்கூட நான் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை. சர்ச்சில் ஹெலனுக்குத் துணையாகப் போகும்போதும் இல்லை.

அவர் நிமிராமலே கேட்டார்: "இன்னா சார், டீ வேணுமா?"

ரூம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து கம்பெனியில் என் பேர் 'டீ சார்'.

சாயங்காலம் ஹெலன் வந்தாள். பழுப்புக் கையால் கைப்பையைத் திறந்து லெட்டரை நீட்டினாள். அவசரமாக வாங்கிக்கொண்டேன்.

"பின்னாடி பாருங்க."

திருப்பினேன். காலையில் டிரெஸ்ஸிங் ரூமில் எழுதக் காகிதம் கிடைக்கவில்லையாம். என் பிழையில்லாத ராஜினாமாவின் முதுகில் நர்ஸ்களின் கையெழுத்தில் ஒரு சார்ட். 6.40 – தேங்காய் எண்ணெய், பலன் இல்லை. 6.45 – பற்பசை, பலன் இல்லை. 6.50 – ஸ்பிரிட், லேசாகப் பலன், எரிச்சல் உண்டு. கடைசியில் பிரேமா சிஸ்டரின் குறிப்பு: 'பேஷண்ட் ஒருவர் மருதாணி அழகாக இருக்கிறது என்றார். நான் பதில் சொல்லவில்லை.' கீழே எட்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இப்படி ஒரு டாகுமெண்டை நான் தயாரித்ததே இல்லை.

அந்த லெட்டர் இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது. பாபு இன்னும் அந்த பெல்ட்டைத்தான் போடுகிறார். இடுப்பு நாற்பத்தாறு ஆகிவிட்டது, பெல்ட் ஒரு நூல்கூட நீளவில்லையாம். பிரேமா சிஸ்டர் ரிட்டையர் ஆகிற வரைக்கும் மருதாணி விஷயத்தில் வாயே திறக்கவில்லை. வார்டுப் பிள்ளைகள் எனக்கு நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

நான் ஏதாவது புதுத் திட்டத்தோடு பேச்சை ஆரம்பித்தால் ஹெலன் தடுப்பதில்லை. கைப்பையின் ஜிப் திறக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "அங்க டீ யாரு ஊத்தறாங்க?"

போன மாதம் காளான் வளர்ப்பு பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். ரொம்ப நிம்மதியாக இருந்தது அந்த ஆளின் முகம். ஹெலனிடம் இன்னும் மூச்சு விடவில்லை. கணியம்பாடிப் பக்கம் ஒரு காளான் பண்ணை இருக்கிறதாம். வருகிறவர்களுக்கு அங்கே ஒரு அம்மா டீ கொடுப்பாராம். முதலில் அவரைப் போய்ப் பார்த்து, வணக்கம் சொல்லிவிட்டு வருகிறேன்.